முகத்தைப் பார்த்து ஆளை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரை முதன்முதலாகப் பார்க்கிறோம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் 'ஆள் நல்ல மாதிரி' என்றோ, 'இவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கணும்' என்றோ மனசு உடனே சொல்லிவிடுகிறது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது, எல்லா நாட்டுக்காரர்களுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறதா, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். என் அக்காவுக்கு முகவாதம் வந்தபோதுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதை கீழே வரும். பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு முகத்தைப் பார்த்து முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜெனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இது. முன்பின் தெரியாத முகங்களில் சிலவற்றை 100 மில்லிநொடி மட்டும் காட்டினார்கள். இன்னும் சிலவற்றை 500, மற்றவற்றை 1000 மில்லிநொடி. வேறொரு குழு நேரக் கணக்கே இல்லாமல் நிதானமாகப் பார்த்து மதிப்பிட்டது. 100 மில்லிநொடியில் வந்த தீர்ப்பும் நிதானமாகப் பார்த்தவர்களின் தீர்ப்பும் பெருமளவு ஒத்துப்போயின. அழகு, திறமை, முரட்டுத்தனம் என்று பல குணங்களைக் கேட்டதில், மிக அதிகமாக ஒத்துப்போனது நம்பகத்தன்மைதான்.

நேரம் கூடக் கூட என்ன மாறியது தெரியுமா? தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. 'நான் சொன்னது சரிதான்' என்ற உறுதிதான் கூடியது. எனக்கு இந்த ஆய்வில் மனசில் தைத்தது இந்த இடம்தான். ஒருவரை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கும்போது, பெரும்பாலும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் எடுத்த முடிவுக்குத்தான் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எந்த மாதிரி முகம் நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது?

சும்மா இருக்கும்போதே லேசாகச் சிரிப்பது போலத் தோன்றும் முகம். வாயின் ஓரங்கள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், புருவத்தின் உள்முனைகள் உயர்ந்திருக்கும். இதற்கு நேர்மாறாக வாயோரம் தொங்கி, புருவம் மூக்குப் பக்கம் இறங்கியிருந்தால், அவர் ஒன்றுமே நினைக்காமல் பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் கோபத்தில் இருப்பதாகத் தெரியும்.

டோடரோவும் நிக்கோலாஸ் ஊஸ்டர்ஹோஃபும் 2008இல் கம்ப்யூட்டரில் முகங்களை உருவாக்கி, நம்பகத்தன்மையை ஒரு குமிழைத் திருகுவது போலக் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். ஒரு பக்கம் திருகிக்கொண்டே போனால் உணர்ச்சியே இல்லாத முகம் சிரித்த முகமாகிறது. மறுபக்கம் போனால் கோப முகமாகிறது. அதாவது, சிரிக்கிறவர் கிட்டே வருவார், கோபமாக இருப்பவர் அடிக்க வருவார் என்று உணர்ச்சியைப் படிக்கத் தெரிந்த நம் மூளை, எலும்பின் அமைப்பையும் உணர்ச்சி என்று தப்பாகப் படித்துவிடுகிறது. பிறவியிலேயே அமைந்த புருவத்தை அந்த நேரத்துக் கோபமாக எடுத்துக்கொண்டு, அந்தக் கோபத்தை அவருடைய குணமாகவும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தாவல்.

இதோடு குழந்தை முகமும் சேர்கிறது. பெரிய கண், உருண்டைக் கன்னம், சின்ன மோவாய் உள்ளவரை 'பால் வடியும் முகம்' என்கிறோம். சூதுவாது தெரியாதவர் என்று நினைத்துவிடுகிறோம்.

எல்லாக் கலாசாரத்திலும் இதே தீர்ப்புதானா?

அடிப்படை ஒன்று. அதன் மேல் எழும் கட்டடம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் முழுசாகும்.

முதலில் ஒற்றுமை. 2021இல் வெளியான ஒரு மாபெரும் கூட்டு ஆய்வில் 41 நாடுகளைச் சேர்ந்த 11,570 பேர் கலந்துகொண்டார்கள். உலகத்தை 11 பகுதிகளாகப் பிரித்து, எல்லாருக்கும் ஒரே முகங்களைக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். நம் முகத் தீர்ப்புகளுக்கு அடியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பது பழைய கருத்து. 'இவர் எனக்கு நல்லது செய்வாரா, கெட்டது செய்வாரா?' என்பது ஒன்று. 'செய்ய நினைத்தால் செய்து முடிக்கும் பலம் இவருக்கு உண்டா?' என்பது இன்னொன்று. பழைய கணக்கு முறையில் பார்த்தபோது இந்த இரண்டும் பெரும்பாலான பகுதிகளில் தலைகாட்டின. நம்பலாமா என்ற முதல் கேள்வி எங்கும் வலுவாக நின்றது. ஆனால் வேறொரு கணக்கு முறையில் அலசியபோது பகுதிக்குப் பகுதி வித்தியாசம் வெளியே வந்தது. 'உலகம் முழுக்க ஒன்றுதான்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே மக்கள் வெளியுலகத் தொடர்பு குறைந்தவர்கள். லெஸ்லி செப்ரோவிட்ஸ் குழுவினர் அவர்களிடமும் அமெரிக்கர்களிடமும் முகங்களைக் காட்டிக் கேட்டார்கள். இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போனார்கள். ஆனால் சிமானே மக்கள் தங்களுக்குள் ஒத்துப்போன அளவுக்கு அமெரிக்கர்களோடு ஒத்துப்போகவில்லை. சினிமாவும் விளம்பரமும் சொல்லிக்கொடுத்ததுதான் இது என்று முழுப் பழியையும் போடவும் முடியாது. கண் பழகிய உலகத்துக்குப் பங்கே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது.

அடுத்து வேற்றுமை. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது, 2017இல் வெளியானது. பல இஸ்ரேலியப் பெண்களின் முகங்களைக் கலந்து ஒரு சராசரி முகம் செய்தார்கள். அதேபோல ஜப்பானியப் பெண்களின் முகங்களிலிருந்து இன்னொரு சராசரி முகம். பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும் முகங்களின் வரிசை. இஸ்ரேலியர்களுக்கு இஸ்ரேலியச் சராசரியை நெருங்க நெருங்க முகம் நம்பிக்கையாகத் தெரிந்தது. ஜப்பானியர்களுக்கு அப்படியே தலைகீழ். கையில் ஒரே வரிசை. அது எந்தப் பக்கம் 'நல்லதாக' மாறுகிறது என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது. அதாவது, 'நம்பத்தகுந்த முகம்' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு 'பழகிய சாயல்' மட்டும்தான். வேறு நாட்டிலிருந்து வந்து தனியாக வாழும் ஒருவரை, அவர் ஒரு வார்த்தை பேசும் முன்பே, இந்தப் பங்கு எவ்வளவு தள்ளி வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிரித்த முகத்தை எல்லாரும் நம்புகிறார்களா?

பொதுவாக ஆமாம், ஆனால் ஒரே அளவில் இல்லை. 44 கலாசாரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஊழல் மலிந்த சமூகங்களில், சிரிப்பு தரும் நம்பிக்கை குறைவாக இருந்தது. புரிந்துகொள்ள முடிகிறது. சிரித்துக்கொண்டே ஏமாற்றியவர்களை அடிக்கடி சந்தித்தவர்களுக்குச் சிரிப்பு ஒரு உத்தரவாதம் ஆகாது. அதே ஆய்வில், சில நாடுகளில் சிரிக்கும் முகம் புத்தி குறைந்த முகமாகவும் பட்டது. காரணமில்லாமல் சிரிப்பது மடமையின் அடையாளம் என்று ரஷ்ய மொழியில் ஒரு பழமொழியே உண்டு. அப்படி வளர்ந்தவர் அந்நியரிடம் சிரிக்காமல் இருப்பதை மற்றவர்கள் 'கடுகடுப்பு' என்று எடுத்துக்கொண்டால், தவறு அவர் பக்கம் இல்லை.

சிரிப்பை எங்கே தேடுகிறோம் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. மசாகி யூகி குழுவினர் 2007இல் காட்டியது: உணர்ச்சியைப் படிக்க ஜப்பானியர்கள் கண்ணுக்கு அதிக மதிப்புத் தருகிறார்கள், அமெரிக்கர்கள் வாய்க்கு. பழைய எழுத்துக்குறிச் சிரிப்புகளை (மேற்கில் :-) என்றும் ஜப்பானில் ^_^ என்றும் எழுதுவதை) பார்த்தாலே தெரியும். மேற்கில் கண்ணுக்கு எப்போதும் இரண்டே புள்ளிதான், வளைவது வாய்தான். ஜப்பானியக் குறிகளில் வாய் ஒரு கோடாக நிற்கும், கண்கள் வளையும்.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்பது உண்மையா?

இல்லை. ஆனால் உலகமே நம்பும் பொய் இது. 'ஒருவர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' என்று 58 நாடுகளில் கேட்டபோது, மிக அதிகமாக வந்த பதில் 'கண்ணைப் பார்க்க மாட்டார்' என்பதுதான். நாமும் 'திருட்டு முழி' என்று ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம்.

பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் கணக்குப் போட்டார்கள். மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 100க்கு 54 தடவை. காசைச் சுண்டிப் போட்டால் 50 வரும்.

நேராகப் பார்ப்பதன் பொருளும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியர்களையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், தங்களை நேருக்கு நேர் பார்க்கும் முகம் ஜப்பானியர்களுக்குக் கூடுதல் கோபமாகவும் நெருங்க முடியாததாகவும் பட்டது. மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்துகிறவர்களை, கூச்சத்தால் தாழ்த்துகிறவர்களை, ஆட்டிசம் இருப்பதால் கண்ணைப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களை எல்லாம் ஒரே கூண்டில் ஏற்றுகிற பழக்கம் இது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னால் அதில் உண்மை இருக்கத்தானே வேண்டும்?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். பத்துப் பேர் ஒத்துப்போவது வேறு, பத்துப் பேர் சொன்னது சரியாக இருப்பது வேறு. கானல் நீரும் எல்லார் கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எல்லார் கண்ணும் ஒரே விதத்தில் அமைந்திருப்பதால் வரும் ஒற்றுமை அது. அங்கே தண்ணீர் இருப்பதால் வருவதில்லை.

நிக்கோலஸ் ரூல் குழுவினர் 2013இல் இதை நேராகவே சோதித்தார்கள். உண்மையில் ஏமாற்றியவர்கள், ஏமாற்றாதவர்கள் இருவரின் படங்களையும் கலந்து காட்டி 'யாரை நம்பலாம்?' என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் தங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனார்கள். யார் ஏமாற்றியவர் என்று கண்டுபிடிக்க அது உதவவில்லை.

துளியும் உண்மை இல்லையா என்றால், ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. பணத்தை ஒப்படைக்கும் விளையாட்டுகளில் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம் மேலாகச் சொன்னதாகச் சில சோதனைகள் காட்டுகின்றன. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அதை நம்பி ஒரு மனிதரின் வேலையையோ விடுதலையையோ முடிவு செய்ய முடியாது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கே இரண்டு தீர்ப்பு வருகிறது. டோடரோவும் ஜெனி போர்ட்டரும் 2014இல் காட்டியது இதைத்தான். பிரிட்டனில் நடந்த வேறொரு சோதனை இன்னும் வியப்பானது. இரண்டே நெதர்லாந்துப் பிரபலங்களின் படங்கள், ஆளுக்கு 20 வீதம் 40. அவர்களைத் தெரியாதவர்களிடம் கொடுத்து 'ஆள் வாரியாகப் பிரித்து வையுங்கள்' என்றபோது சராசரியாக ஏழெட்டு ஆட்களாகப் பிரித்தார்கள். யாருமே இரண்டு என்று சொல்லவில்லை. தெரியாத ஒருவரின் படத்தில் நாம் பார்ப்பது அந்த நொடியின் வெளிச்சமும் கோணமும். ஆள் யார் என்பதே அதில் பிடிபடவில்லை என்றால், குணம் எப்படிப் பிடிபடும்?

அப்படியானால் 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது பொய்யா?

அந்த நேரத்து உணர்ச்சி முகத்தில் தெரியும். நெருங்கியவர்கள் முகம் வாடினால் கண்டுபிடித்துவிடுகிறோம் அல்லவா? பக்கத்தில் இருப்பதைக் காட்டும் பளிங்கு போல நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டும் என்று குறள் சொல்வதும் குறிப்பறிதல் அதிகாரத்தில்தான் வருகிறது. இந்த நிமிடம் மனசில் ஓடுவதைப் படிப்பது பற்றிய பேச்சு அது. முகத்தில் இனிமையாகச் சிரித்து மனசில் கேடு வைத்திருப்பவரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று அதே குறள் கூடா நட்பில் எச்சரிக்கிறது. உணர்ச்சியைப் படிப்பதும் குணத்தைப் படிப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

உயிர் போகும் அளவுக்கு.

ஜான் பால் வில்சனும் நிக்கோலஸ் ரூலும் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் படங்களை எடுத்தார்கள். 371 பேர் மரண தண்டனை பெற்றவர்கள், 371 பேர் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். படத்தில் இருப்பவர் யார், என்ன தண்டனை என்று எதுவும் சொல்லாமல், பொதுமக்களிடம் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் கேட்டார்கள். மரண தண்டனை பெற்றவர்களின் முகங்களுக்கு மதிப்பெண் குறைவாக வந்தது. 'கொடூரமான ஆட்களுக்கு முகமும் கொடூரமாக இருக்கும்' என்று யாராவது சொல்லலாம். அதற்காகத்தான் அடுத்த சோதனை. குற்றவாளி என்று தீர்ப்பாகி, பிற்பாடு நிரபராதி என்று நிரூபணமாகி வெளியே வந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிலும் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர்களின் முகங்களுக்கே மதிப்பெண் குறைவு. அவர்கள் செய்யாத குற்றம் அது. முகத்தில் தெரிவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

சின்ன வழக்குகளிலும் இதே கதைதான். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் அமெரிக்க நீதிமன்றங்களை செப்ரோவிட்ஸ் ஆராய்ந்து 1991இல் எழுதினார். வேண்டுமென்றே செய்ததாகப் புகார் என்றால், குழந்தை முகம் உள்ளவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கவனக்குறைவால் நடந்ததாகப் புகார் என்றால், அவர்களே அதிகம் தோற்றார்கள். 'பாவம், இவர் மனசறிந்து செய்திருக்க மாட்டார்; ஆனால் அஜாக்கிரதையாக இருந்திருப்பார்' என்று முகமே வாதாடிவிட்டது போல.

இப்போது என் அக்கா. சில வருடங்களுக்கு முன் ஒரு காலை பல் துலக்கும்போது வாயிலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. மத்தியானத்துக்குள் இடது பக்க முகம் முழுக்க அசைவில்லாமல் போனது. முகத்தின் தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு வீங்கினால் இப்படி ஆகும். வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் மூடவே மூடாது. தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டித்தான் மூடுவோம். அந்த நாட்களில் ஒரு அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போனாள். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா முறைக்கிறீங்க?" என்றார். அவள் சிரிக்க முயன்றாள். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. அது அவருக்கு ஏளனமாகத் தெரிந்திருக்க வேண்டும். காகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அதே காகிதத்தோடு நான் போனேன், கையெழுத்து ஆகிவிட்டது.

ஐந்து மாதத்தில் அக்காவுக்கு ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனால் பிறவியிலேயே முக நரம்பு இயங்காதவர்கள் இருக்கிறார்கள். தீக்காயம் பட்டவர்கள், பிளந்த உதட்டுக்கு அறுவை செய்துகொண்டவர்கள், தழும்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் வித்தியாசம் உள்ளவர்களை மக்கள் நம்பிக்கை குறைந்தவர்களாக மதிப்பிடுகிறார்கள் என்பதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சினிமாவில் வில்லனுக்குத் தழும்பு வரையும் பழக்கம் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது என்பது என் வருத்தம்.

முகத்தை வைத்துக் குணம் சொல்லும் 'சாஸ்திரம்' எல்லா இடத்திலும் இருந்ததே?

இருந்தது. பழைய கிரேக்கத்தில், சீனாவில், இந்தியாவில் என்று எங்கும். ஐரோப்பாவில் அதற்குப் புது உயிர் கொடுத்தவர் சூரிச் நகரத்துப் பாதிரியார் யோஹான் காஸ்பர் லாவாட்டர். 1775 முதல் அவர் எழுதிய தொகுதிகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. 1831இல் பீகிள் கப்பலில் ஏறப்போன இளைஞர் சார்லஸ் டார்வினைக் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் கிட்டத்தட்ட வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். ஃபிட்ஸ்ராய் லாவாட்டரின் தீவிர அபிமானி. அப்படி ஒரு மூக்கு உள்ளவருக்கு இந்தப் பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று சந்தேகப்பட்டாராம். டார்வினே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1876இல் இத்தாலியின் சேசரே லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளிகளைத் தாடை, காது, நெற்றியை வைத்து அடையாளம் காணலாம் என்று எழுதினார். அது இனவெறிக்கும் துணை போனது. அதே காலத்தில் பிரான்சிஸ் கால்டன் குற்றவாளிகளின் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதித்துக் 'குற்றவாளி முகம்' ஒன்றைப் பிடிக்கப் பார்த்தார். கிடைத்ததோ, சேர்க்கப்பட்ட எந்த முகத்தையும்விடச் சாந்தமான, சாதாரண மனித முகம். அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதினார்.

குழந்தைகளும் இப்படித்தானா?

ஆமாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளே 'யார் நல்லவர், யார் கெட்டவர்' என்று கேட்டால் பெரியவர்களைப் போலவே கை காட்டுகிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது.

இது மூளையில் எங்கே நடக்கிறது?

பயம், ஆபத்து சம்பந்தப்பட்ட வேலைகளில் ஈடுபடும் அமிக்டலா என்ற பகுதிக்கு இதில் பங்கு உண்டு. அந்தப் பகுதி இரு பக்கமும் சேதமான மூன்று பேரை ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழு 1998இல் ஆராய்ந்தது. மற்றவர்கள் கிட்டே போகவே தயங்கிய முகங்களை அவர்கள் நம்பத்தகுந்தவையாக மதிப்பிட்டார்கள்.

என் கணிப்பு இதுவரை தப்பியதே இல்லையே?

பலரும் இதை உண்மையான நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. முகம் பிடிக்காதவரிடம் நாம் பழகவே இல்லை. அவர் நல்லவராக இருந்திருந்தாலும் தெரிய வாய்ப்பே இல்லை. முகம் பிடித்தவரிடம் நாம் முதலில் நன்றாக நடந்துகொள்கிறோம். அவரும் நன்றாக நடந்துகொள்கிறார். முறைத்தால் முறைப்புத்தான் திரும்பி வரும். இப்படி நம் தீர்ப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

பழைய அனுபவமும் திருட்டுத்தனமாக நுழைகிறது. ஓரியல் ஃபெல்ட்மேன்ஹால் குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனையில், முன்பு தங்களிடம் நேர்மையாக நடந்தவரின் சாயல் உள்ள அந்நியரை மக்கள் கூடுதலாக நம்பினார்கள், ஏமாற்றியவரின் சாயல் உள்ளவரைத் தவிர்த்தார்கள். சாயல் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களை ஏமாற்றிய யாரோ ஒருவருக்கான தண்டனையை, அவரைப் போல மூக்கு அமைந்த ஒரு அப்பாவி அனுபவிக்கிறார். இரட்டையர்களை வைத்து நடந்த 2020ஆம் ஆண்டு ஆய்வும், யாரை நம்புகிறோம் என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்கு மரபணுவைவிட அவரவர் வாழ்க்கை அனுபவமே பெரிய காரணம் என்று சொல்கிறது.

கம்ப்யூட்டர் பார்த்தால் சரியாகச் சொல்லுமா?

நம்மிடம் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் நம் தவறையே வேகமாகச் செய்யும். 2016இல் சீனாவில் இரண்டு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் நிரலைச் செய்ததாக அறிவித்தார்கள். மற்றவர்கள் படங்களைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 'குற்றவாளி அல்லாதவர்' படங்களில் இருந்தவர்கள் காலர் வைத்த சட்டை போட்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தார்கள். மற்றவர்களிடம் அது இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் வீடியோ நேர்காணல்களில் முகத்தை அலசும் முறையை, அதற்குப் பேர்போன ஹயர்வியூ நிறுவனமே கைவிட்டுவிட்டதாக 2021இல் அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளிகளிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருள்களை, மருத்துவம், பாதுகாப்பு போன்ற விதிவிலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. எனக்கு நிம்மதி தந்த செய்தி அது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகங்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

சோஃபி நைட்டிங்கேலும் ஹானி ஃபாரிதும் 2022இல் சோதித்தபோது மக்கள் 100க்கு 48 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். அதைவிடக் கவலைப்பட வேண்டியது: 7க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது உண்மை முகங்களுக்கு 4.48, செயற்கை முகங்களுக்கு 4.82. பிறக்கவே பிறக்காத மனிதர்களை நாம் கூடுதலாக நம்புகிறோம். செயற்கை முகங்கள் சராசரி முகத்தை நெருங்கி வருவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முன்பின் தெரியாத கணக்கிலிருந்து வரும் செய்தியில் இருக்கும் இதமான புன்னகையை ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் தேர்வு செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

'இனி முகத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன்' என்று உறுதி எடுப்பதால் பெரிய பலன் இல்லை. பத்தில் ஒரு நொடியில் நடப்பதை உறுதிமொழியால் தடுக்க முடியாது. அதனால் வரிசையை மாற்றுங்கள். விண்ணப்பத்திலிருந்து புகைப்படத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். செய்த வேலையை முதலில் பாருங்கள், மதிப்பெண்ணை எழுதி வையுங்கள், அப்புறம் நேரில் சந்தியுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். பழைய இடத்தில் கூட வேலை பார்த்தவரிடம் பேசுங்கள். ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரா என்பது அங்கே தெரியும். பிறகும் 'என்னவோ சரியாகப் படவில்லை' என்று தோன்றினால், எது சரியாகப் படவில்லை என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத எதுவும் வராவிட்டால் அது பெரும்பாலும் புருவம்தான்.

நேரடி ஆபத்து என்று உடம்பு எச்சரித்தால் மட்டும் விஷயம் வேறு. யாராவது பின்தொடர்கிறார், விடாமல் நெருங்குகிறார் என்றால் தயங்காமல் விலகுங்கள். அது நடத்தை பற்றிய எச்சரிக்கை, முகம் பற்றியது இல்லை.

என் முகமே கடுகடுவென்று இருக்கிறது. புகைப்படத்திலாவது ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதுவும் எளிதாக. முகத்திலிருந்து 45 சென்டிமீட்டரில் எடுத்த படத்தையும் 135 சென்டிமீட்டரில் எடுத்த படத்தையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், கிட்டத்தில் எடுத்த படங்களுக்கு நம்பகத்தன்மை மதிப்பெண் குறைந்தது. ஆளும் அதே, முகபாவமும் அதே. கிட்டே எடுக்கும்போது மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் போய், முகம் துருத்திக்கொண்டு தெரிகிறது. கை நீட்டி எடுக்கும் செல்ஃபி ஏறக்குறைய அந்தத் தூரம்தான். தலையைக் கீழே சாய்த்தாலும் புருவம் இறங்கிய மாதிரி தெரிந்து, முகத்தில் அதிகாரத் தோரணை ஏறிவிடும்.

அக்காவின் அடையாள அட்டைப் படத்தை இப்படித்தான் எடுத்தேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நாலரை அடி தள்ளி அவளை நிற்கவைத்து, டைமர் போட்டேன். இடது கண் இன்னும் ஒரு நூல் பெரிதாகத்தான் இருக்கும். அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.